அண்ணத்தில் படுத்த பல்

குடிநீர் வாரியத்தின் புகார் மையத்தில் அவளுக்கு ஏழாவது இருக்கை. காலை எட்டரைக்குக் காதில் மாட்டும் கருவியை மாலை ஐந்தரைக்குத்தான் கழற்றுவாள். தண்ணீர் வரவில்லை, வந்தால் நிற்கவில்லை, தெருவில் ஓடுகிறது, மண் நிறத்தில் வருகிறது என்று ஊர்க் கோபமெல்லாம் அவள் காதில் வந்து விழும். எவ்வளவு திட்டினாலும் குரலை உயர்த்தாமல் பேசத் தெரிந்தவள் என்று மேலாளர் அவளைப் புதியவர்களுக்கு உதாரணம் காட்டுவார். வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு வாயைத் திறக்கவே பிடிக்காது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கேயாவது யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து ஓட வேண்டிய வேலை. இரண்டு பேருமாகச் சேர்ந்து உட்காரும் நேரத்தில் பாதி, யார் முதலில் படுப்பது என்பதிலேயே போய்விடும்.

ஒரே மகள். வயது பதிமூன்று. நடக்கப் பழகிய நாளில் ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காததால் வாலு என்று பெயர் விழுந்தது. இப்போது வாலு வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறாள் என்று அப்பா கேலி செய்வான். சிரிப்பு வந்தால் உதட்டை இறுக மூடிக்கொண்டு மூக்கால் சிரிப்பாள். மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு பால்பல் இன்னும் விழாமல், பெரியவர்கள் கூட்டத்தில் வழிதவறிய குழந்தை மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்துப் பல் லேசாகத் திரும்பியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் பற்களைச் சோதிக்க வந்தவர்கள் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார்கள். 'இடது மேல் கோரைப்பல் காணவில்லை. பல் சீரமைப்பு மருத்துவரைப் பார்க்கவும்.'

"காணலையாம்," என்று அவள் சீட்டைக் கணவனிடம் நீட்டினாள்.

"போலீஸ்ல சொல்லணுமா?" என்றான் அவன். பிறகு சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நமக்கென்ன கவலை, வீட்டுலயே டாக்டர் இருக்காரே," என்றான்.

இருந்தார்தான். கணவனுடைய அக்காவின் மருமகன், கோணல் பல்லுக்குக் கம்பி போடும் படிப்பு படித்தவன். கிளினிக் திறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வரவேற்பு மேசையில் அந்த அக்காவேதான் உட்கார்ந்திருப்பாள். சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் மகள் சொல்லியும் கேட்கவில்லை. ஒன்பது வயதில் தாயை இழந்த தம்பியைத் தூக்கி வளர்த்து ஆளாக்கியவள் அவள். அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவளை இவள் அண்ணி என்று அழைப்பாள். அழைப்பதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வாள்.

வாலுவைக் கூட்டிக்கொண்டு போன அன்று அண்ணி, காத்திருந்த நான்கு பேரிடமும், "எங்க வீட்டுப் பொண்ணு, ஒரு நிமிஷம்," என்று சொல்லி முதலில் உள்ளே அனுப்பினாள். பின்னாலேயே வந்து கதவருகில் நின்றுகொண்டாள்.

மாப்பிள்ளை எக்ஸ்ரே எடுத்துத் திரையில் போட்டான். பார்த்துக்கொண்டே இருந்தான். பெரிதாக்கினான், சின்னதாக்கினான், மறுபடி பெரிதாக்கினான்.

"பல்லு உள்ளதான் இருக்கு. இறங்கி வரல."

"இறக்கிடலாம்ல மாப்ளே?" என்று கதவருகிலிருந்து அண்ணி கேட்டாள்.

"இறக்கிடலாம் அத்தை." பிறகு இவள் பக்கம் திரும்பி, "பால்பல்லை எடுத்துட்டு, கிளிப் போட்டு கொஞ்சம் இடம் பண்ணினா, தானா வந்துடும் சின்னத்தை," என்றான். அவனுக்கு இருவருமே அத்தைமுறை. மாமியார் அத்தை, இவள் சின்னத்தை.

"வரலன்னா?"

"வந்துரும்," என்றாள் அண்ணி.

மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. திரையை அணைத்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு அதுவே உறுத்தியது. புகார் சொல்கிறவர் யார், பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கிறவர் யார் என்று தொலைபேசியில் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. தன் கேள்விக்கு டாக்டர் பதில் சொல்லவில்லை என்பதை அது விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் எட்டாவது இருக்கைக்காரியிடம் சொன்னாள். அவளுடைய மகனுக்கு மூன்று வருடம் கம்பி போட்டு முடித்திருந்தார்கள்.

"இன்னொரு இடத்துல காட்டு. சொந்தக்காரங்ககிட்ட வைத்தியம் பாத்தா, சரியா வந்தாலும் பிரச்சினை, வராட்டியும் பிரச்சினை."

"அண்ணிக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சாத்தானே."

அரைநாள் விடுப்பு எடுத்து, வாலுவைப் பள்ளியிலிருந்து சீக்கிரம் அழைத்துக்கொண்டு, எட்டாவது இருக்கைக்காரி சொன்ன இடத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய கூடம், சுவரெல்லாம் சிரிப்பு. டாக்டருக்கு முன்னால் ஆலோசகர் என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் வாலுவின் முகத்தைப் படம் பிடித்து, இரண்டு வருடம் கழித்து அவள் எப்படிச் சிரிப்பாள் என்று அதிலேயே காட்டினாள். படத்தில் சிரித்தது யாரோ ஒரு பெண். வாலு அதை ஒரு நொடி பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"இன்னைக்கே ஆரம்பிச்சா முதல் மூணு தடவை வர்றதுக்கு எதுவும் கட்ட வேண்டாம் மேடம்."

"உள்ள ஒரு பல்லு மாட்டியிருக்காம். அதை எப்படிக் கொண்டு வருவீங்க?"

"அதெல்லாம் டாக்டர் பாத்துப்பார் மேடம். நீங்க முதல்ல கிளிப்புக்குக் கலர் செலக்ட் பண்ணுங்க."

டாக்டர் வந்து, வாலுவின் வாயை அரை நிமிடம் பார்த்து, "ரொம்ப சாதாரணம்," என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். எக்ஸ்ரே உறையை அவள் கையில் எடுத்தபோது அவர் முதுகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் இன்னொரு அரைநாள். இந்த முறை பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலையில் சீட்டு வாங்கி, மூன்றாம் மாடியில் இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கூப்பிடும்போது மணி ஒன்றரை. வாலு கணக்கு நோட்டில் பூனை வரைந்து, அதற்கும் கிளிப் போட்டிருந்தாள். அரைநாள் விடுப்பு முழுநாள் ஆயிற்று.

டாக்டர் அம்மா ஐம்பது வயதுக்காரர், குள்ளம். இன்னும் சாப்பிடவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. சுற்றிலும் நான்கைந்து இளம் டாக்டர்கள். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் முப்பரிமாணப் படம் ஒன்று எடுத்து வரச் சொன்னார். அது வர இன்னும் ஒரு மணி நேரம். வந்ததும் அம்மாவை விட்டுவிட்டு வாலுவைக் கூப்பிட்டுத் திரை முன்னால் உட்காரவைத்தார்.

"இதுதான் உன் பல்லு. நேரா நிக்க வேண்டியது, அண்ணத்துல படுத்துக்கிட்டிருக்கு. அதோட தலை எங்க இடிக்குது பாரு."

வாலு குனிந்து பார்த்தாள். "பக்கத்துப் பல்லோட வேர்ல."

"ஆமா. அங்க வேர் கொஞ்சம் கரைஞ்சிருக்கு. அப்படியே விட்டா அந்த நல்ல பல்லும் போயிடும். கம்பி மட்டும் போட்டுட்டுக் காத்திருந்தா வராது. அண்ணத்துல சின்னதா திறந்து, பல்லுல ஒரு சங்கிலி ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமா இழுக்கணும். முதல்ல வேரை விட்டு விலக்கி, அப்புறம் கீழ. முழுசா முடிய ரெண்டு வருஷம் ஆகலாம். வலிக்கும். ரொம்ப இல்ல, ஆனா வலிக்கும். முடியுமா உன்னால?"

இதுவரை யாரும் வாலுவிடம் கேட்காத கேள்வி அது. அவள் கொஞ்சம் யோசித்து, "ஸ்கூல் போகலாமா?" என்றாள்.

"ரெண்டு நாள் லீவு போட்டுட்டுப் போகலாம்."

"ரெண்டு நாள்தானா," என்று வாலு ஏமாந்து போனவளாகச் சொன்னதில் இளம் டாக்டர்கள் சிரித்தார்கள்.

கிளம்பும்போது அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள், "வீட்டுல சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கார் டாக்டர். இதே படிப்பு. அவர்கிட்ட செஞ்சுக்கலாமா?"

"தாராளமா. இந்த மாதிரி எத்தனை செஞ்சிருக்கார்னு கேளுங்க. கூட நின்னு அறுவை பண்றவர் யாருன்னு கேளுங்க. பல் அசையலன்னா அடுத்து என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. மூணுக்கும் பதில் இருந்தா அங்கயே செய்ங்க. இங்க வந்தா உங்களுக்கு மாசம் ஒரு நாள் போயிடும்." சொல்லிவிட்டு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்று மாலை கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சட்டைக் கையில் கிரீஸோடு கதவில் சாய்ந்து நின்று கேட்டான்.

"எனக்குத் தெரியாம ரெண்டு இடம் போயிருக்க."

"தெரிஞ்சிருந்தா போக விட்டிருப்பீங்களா?"

"அக்காகிட்ட யாரு சொல்றது?" என்றான்.

"உங்க அக்கா. நீங்கதான் சொல்லணும்."

"என்னால முடியாது. எதையும் அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிப் பழக்கமில்ல. நீயே பேசு. உனக்குப் பேசறதுதான வேலை."

அவளுக்கு வந்த கோபத்தில் பெரிதாகச் சண்டை போட்டிருக்கலாம். அதற்குத் தெம்பு வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை நண்பகல் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்குக்குப் போனாள். அண்ணி நான்கு மணிக்கு மேல்தான் வருவாள். மாப்பிள்ளை தனியாக மேசையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். அவள் புதிய படத்தை அவன் முன்னால் வைத்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கேள்விகள் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. முதல் கேள்வி மட்டும் வந்தது.

"மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. இந்த மாதிரி எத்தனை செஞ்சிருக்கீங்க?"

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"ஒண்ணுகூட இல்ல சின்னத்தை. படிக்கறப்ப பக்கத்துல நின்னு ரெண்டு பாத்திருக்கேன். அவ்வளவுதான்."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கே எக்ஸ்ரேயில சந்தேகம் இருந்துச்சு. பெரிய படம் எடுக்கணும்னு நினைச்சேன். அத்தை அங்க நின்னுட்டிருந்தாங்க. எங்க போனாலும் என் மாப்பிள்ளைக்குத் தெரியாதது இல்லன்னு சொல்லிட்டிருக்காங்க. வாய் வரல."

"அப்ப செஞ்சிருப்பீங்களா?"

"சீனியர் ஒருத்தரைக் கேட்டு, எப்படியாவது…" அவன் முடிக்கவில்லை. டப்பாவின் மூடியை எடுத்து மூடினான். "நீங்க வந்தது நல்லதாப் போச்சு. அந்த டாக்டரம்மா இதுல கைதேர்ந்தவங்க. அங்கேயே செஞ்சுக்கங்க. ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க."

"நான் அனுப்பினதா இருக்க வேண்டாம். நீங்களே அங்க போறேன்னு சொன்னதா இருக்கட்டும். எனக்குத் தெரியலன்னு அத்தைகிட்ட என்னால சொல்ல முடியாது. புதுசா திறந்த இடம், நாலு பேருக்குப் பரவும்."

அவளுக்கு ஒரே நேரத்தில் நிம்மதியாகவும் எரிச்சலாகவும் இருந்தது. மகளின் வாயில் கை வைக்காமல் விட்டான், அது பெரிய காரியம். அதற்குப் பதிலாகத் தன் வெட்கத்தைச் சுருட்டி இவள் தலையில் வைக்கிறான். நாள் முழுக்க, தான் உடைக்காத குழாய்க்காக மன்னிப்புக் கேட்கிறவள்தான் அவள். இதுவும் ஒன்று.

"சரி," என்றாள்.

அண்ணியிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். கல்லூரி மருத்துவமனையில் பெரிய கருவியெல்லாம் இருக்கிறது, பக்கத்திலேயே அறுவை டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று சுற்றி வளைத்தாள். அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"என் மாப்பிள்ளை கை உன் பொண்ணு வாய்க்கு ஆகாதுன்னு சொல்ற."

"அப்படி இல்ல அண்ணி."

"வேற எப்படி?"

வேறு எப்படி என்று சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. அண்ணி கடைசித் துணியை மடித்து அடுக்கிவிட்டு உள்ளே போனாள். காபி குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. கணவன் மட்டும் வாரம் ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போய் வருவான். வந்து யாரையும் பார்க்காமல் செருப்பைக் கழற்றுவான்.

வைத்தியம் தொடங்கியது. முதலில் கம்பி, மூன்றாம் மாதம் அறுவை. மரத்துப்போன உதட்டோடு வாலு அறையிலிருந்து வெளியே வந்து, 'பாத்தியா, அழல' என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். அண்ணத்திலிருந்து பொடிச் சங்கிலி ஒன்று தொங்கிக் கம்பியில் கட்டியிருந்தது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதை ஒரு கண்ணி சுருக்குவார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மேலாளரிடம் விடுப்பு, இரும்பு நாற்காலி, கூப்பிடுகிறார்களா என்று கதவையே பார்த்தபடி தூக்கம். இளம் டாக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு புதுக் கைக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் அம்மா கடைசியில் வந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "அசையுது," என்பார். ஒரு மாதத்துக்கு அந்த ஒரு சொல்தான் கூலி.

ஒவ்வொரு முறையும் அன்று மதியம் மாப்பிள்ளையிடமிருந்து தொலைபேசி வரும்.

"இந்தத் தடவை எந்தப் பக்கமா இழுத்தாங்க சின்னத்தை? ஒரு போட்டோ அனுப்புங்களேன்."

அனுப்புவாள். திட்ட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள்.

ஏழாம் மாதம் ஒரு ஞாயிறு காலை வாலு வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். பின்பக்கம் கம்பி நழுவி வந்து கன்னத்தின் உட்புறம் குத்தியிருந்தது. எச்சிலில் ரத்தம். மருத்துவமனையில் கொடுத்திருந்த மெழுகைக் குத்தும் முனையில் உருட்டி வைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. கல்லூரி மருத்துவமனை மூடியிருந்தது. கணவன் எங்கோ ஒரு லிஃப்டின் கூரைமேல் இருந்தான். மாப்பிள்ளை ஞாயிறு காலையில் மட்டும் மூன்று மணி நேரம் கிளினிக் திறப்பான். அண்ணியும் அங்கே இருப்பாள். வேறு வழியில்லை.

வரவேற்பு மேசையில் அண்ணி தலை நிமிரவில்லை. பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"பேரு?"

காத்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று அவள் நினைத்தபோது வாலு கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"உங்க தம்பி பொண்ணு, அத்தை," என்றாள். சொன்னபோது உதட்டோரம் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது.

அண்ணியின் பேனா நின்றது. எழுதாமலே எழுந்து உள்கதவைத் திறந்துவிட்டாள்.

மாப்பிள்ளை விளக்கைத் திருப்பி, நீண்டு நின்ற கம்பியை வெட்டி முனையை மடக்கினான். இரண்டு நிமிட வேலை. ஆனால் விளக்கை அணைக்காமல் அண்ணத்துச் சங்கிலியையும் அங்கே மேடாகத் தெரிந்த இடத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கதவருகிலிருந்து அண்ணி, "யாரோ கட்டினதை நீங்க வெட்டிவிடணுமா மாப்ளே? அன்னைக்கு வேண்டாத கை இன்னைக்கு மட்டும் வேணுமாக்கும்," என்றாள்.

இவள் கைப்பையின் பட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை வாலுவின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்க போகச் சொன்னது நான்தான் அத்தை," என்றான்.

எச்சில் உறிஞ்சும் குழாயின் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கு இந்த வேலை தெரியாது. நான் செஞ்சிருந்தா இவளுக்கு ஒரு நல்ல பல்லு போயிருக்கும். அதை உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. சின்னத்தை பேர்ல போட்டுட்டேன்."

அண்ணி நின்ற இடத்திலேயே நின்றாள். வெளியே மேசைமேல் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் போய் எடுக்கவில்லை.

கிளம்பும்போது வாசல்வரை அண்ணி கூட வந்தாள். படியில் வைத்து, "ஏழு மாசம். நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா அண்ணி?"

அண்ணி தெருவைப் பார்த்தாள். "மாட்டேன்," என்றாள். பிறகு, "வெயில்ல நிக்காதீங்க, ஆட்டோ பிடிச்சுப் போங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அண்ணி இரண்டு வாரம் கிளினிக் பக்கமே போகவில்லை. மாப்பிள்ளை ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தான். மூன்றாம் வாரம் அண்ணி திரும்பி வந்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆள் வைக்கச் சொன்ன மகளிடம் கோபம், மருமகனிடம் கோபம், தெரிந்தும் தெரியாமலும் இருந்த தம்பியிடம் கோபம். இவளிடம் மட்டும் பேசினாள், அளந்து பேசினாள். ஒரு மாலை கணவன், "அக்கா உன்னை விசாரிச்சாங்க," என்றான். சோபாவில் கண்ணை மூடிக் கிடந்தவள் "ம்," என்றாள். அவன் தானே போய் அடுப்பைப் பற்ற வைத்தான்.

பத்தாம் மாதம், ஒரு புதன்கிழமை காலை, பேருந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது குளியலறையிலிருந்து வாலு கூப்பிட்டாள். அவள் ஒரு கையில் சீப்போடு போனாள். மகள் வாயை அண்ணாந்து திறந்து காட்டினாள். அண்ணத்து ஓரத்தில், ஈறுக்கு நடுவில், வெள்ளையாக ஒரு முனை.

"பல்லா அம்மா?"

"பல்லுதான்."

வாலு கண்ணாடியில் மறுபடி பார்த்து, வாய் நிறையக் கம்பி தெரியச் சிரித்தாள். உதட்டை இறுக மூட மறந்துவிட்டிருந்தாள். கணவன் வந்து வேலைக்குக் கொண்டுபோகும் டார்ச்சை அடித்துப் பார்த்தான். அவள் ஒரு படம் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. படத்தை மாப்பிள்ளைக்கு அனுப்பினாள். கொஞ்சம் யோசித்து, அண்ணிக்கும் அனுப்பினாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் பதில் வந்தது.

'நல்லது. இன்னும் எவ்வளவு நாள்?'

'ஒரு வருஷம் ஆகும்னு சொன்னாங்க அண்ணி,' என்று எழுதி அனுப்பிவிட்டு, இறங்க இன்னும் ஆறு நிறுத்தம் இருந்ததால், தலையை ஜன்னலில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.